புதினாவும் பருவமும்

தலைவலித் தைலக் குப்பி ஒன்றேனும் இல்லாத தமிழர் இல்லம் இராது. ஊரை விட்டு எவ்வளவு தொலைவு சென்றாலும் பெட்டியின் ஒரு மூலையில் அது நம்முடன் பயணம் செய்கிறது. மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறி நெற்றியில் பரவும் அந்தக் குளிர்ச்சிக்குக் காரணமான பொருளை மெந்தால் என்பர். நாட்டு மருந்துக் கடைக்காரர் புதினா உப்பு என்று மடித்துத் தருவதும் அதுவே. அந்த உப்பு விளையும் வயல்களுக்கு நடுவே நம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அந்நாட்களில் ஓர் உழவருக்கு நாம் இழைத்த பிழை ஒன்றையும், அப்பிழையால் நாம் கற்றுக்கொண்டதையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

தாமிரவருணிக் கரையில் பிறந்து, வேதியியலில் பட்டம் பெற்று, 1980களின் இறுதியில் வேலை தேடி நாம் லக்னோ வந்து சேர்ந்தோம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாராபங்கியில், புதினா எண்ணெய் வாங்கி விற்கும் வணிகர் ஒருவரின் பரிசோதனைக் கூடத்தில் வேலை அமைந்தது. தந்தையார் மறைந்தபின் நம் தாயாரும் வந்து நம்முடன் தங்கினார்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே அம்மையார் இந்த ஊரின் மீது வழக்குத் தொடுத்துவிட்டார். மார்கழி பிறந்ததும் மாடத்துத் துளசி கருகத் தொடங்கியது. பழைய வேட்டியைக் கிழித்து இரவுதோறும் அதற்குப் போர்வை போர்த்தினார். மிஞ்சியிருந்த இலைகளைக் கசக்கி முகர்ந்து பார்த்து, "வாசமே இல்லையே ஐயா, இதுவும் ஒரு துளசியா?" என்று வருந்துவார். ஆனால் கோடை வந்தபோது வேறொரு காட்சி கண்டோம். கடைத்தெருவில் ஒருவர் சாளரத்தில் தட்டி கட்டி அதன்மேல் நீர் தெளித்துக் கொண்டிருந்தார். அம்மையார் சாலையென்றும் பாராமல் அதனருகே விரைந்து சென்று முகத்தை வைத்துக்கொண்டு, "நம்ம ஊரு வெட்டிவேருல்லா இது!" என்று கூவினார். இங்குள்ளோர் கஸ் என்று அழைக்கும் பொருள் நம் வெட்டிவேரே. உலகம் முழுதும் அதற்கு வழங்கும் வெட்டிவர் என்னும் பெயரும் நம் தமிழ்ச் சொல்லே என்று நாம் கூறியபோது, அந்த ஊரின் மீதிருந்த வழக்கில் பாதியை அம்மையார் அன்றே தள்ளுபடி செய்தார்.

இனிப் புதினாவுக்கு வருவோம். நாம் துவையலுக்கு வாங்கும் புதினா வேறு. மெந்தால் தரும் புதினா வேறு. துவையல் புதினாவின் மணத்துக்குத் தலைமைப் பொருள் கார்வோன். மெந்தால் புதினாவின் எண்ணெயிலோ நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை மெந்தாலே நிறைந்திருக்கும். இதன் தாயகம் நமது நாடன்று. 1950களில் ஜப்பானிலிருந்து கொணரப்பட்டுக் காலப்போக்கில் கங்கைச் சமவெளியில் வேரூன்றிய பயிர் இது. 1959இல் தோன்றி லக்னோவில் இயங்கும் மத்திய நறுமணச் செடிகள் ஆராய்ச்சி நிலையம் இதில் புதிய இரகங்கள் பலவற்றைக் கண்டு உழவர்க்கு அளித்தது. இன்று பாராபங்கிச் சிற்றூர்களில் உருளைக்கிழங்கும் கடுகும் எடுத்த நிலத்தில் புதினா நடுவது நெல் நடுவதைப் போல இயல்பாகிவிட்டது. உழவர்கள் இதனைப் பிப்பர்மிண்ட் என்றும் மென்தா என்றும் அழைக்கின்றனர்.

இந்த வேறுபாட்டை நாம் அறிந்திருந்தும் அம்மையாரிடம் சொல்ல மறந்தோம். ஒரு நாள் வயல் புதினா ஒரு கட்டை வீட்டில் வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றோம். திரும்பி வந்தபோது தேங்காய், மிளகாய், புளி எல்லாம் சேர்ந்து துவையலாகி இலையில் இருந்தது. ஒரு கவளம் உண்டதும் கண்ணில் நீர் வந்தது. வாய்க்குள் ஒரே சமயத்தில் காரமும் பனிக்கட்டியும் புகுந்தாற்போல் இருந்தது. "துவையலா தைலமா?" என்று நாம் கேட்க, அம்மையாரும் சிரித்துவிட்டார். ஆயினும் அன்று முதல் அந்தச் செடியின் மீது அவருக்கு ஓர் ஆராய்ச்சி மனப்பான்மை பிறந்தது. நாம் கொண்டுவரும் தழைகளையெல்லாம் கசக்கி முகர்ந்து பார்ப்பார். குருத்து இலையில் பச்சை வாடை மிகுதி என்றும், முற்றிய இலையில்தான் குளிர்ச்சி என்றும் அவரே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தார்.

மெந்தால் புதினாவின் வேர்த்தண்டுகளைச் சனவரியிலும் பிப்ரவரியிலும் நடுவர். நூறு முதல் நூற்றிருபது நாட்களில், அதாவது மே இறுதியிலும் சூன் மாதத்திலும், முதல் அறுவடை. வெட்டுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுவர். நல்ல வெயில் நாளாகப் பார்த்து வெட்டி, சற்று வாடவிட்டு, ஊர்ப் பொதுவிலுள்ள இரும்புத் தொட்டியில் அடைத்துக் கீழே தீ மூட்டுவர். முன்பு வடித்தெடுத்த தழையின் காய்ந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருள். எழும் நீராவி எண்ணெயைச் சுமந்துகொண்டு குழாய் வழியே சென்று குளிர்ந்து வடியும். நீரின்மேல் எண்ணெய் மிதக்கும். அந்த நாட்களில் பாராபங்கிச் சாலையில் பேருந்தில் செல்வோர் கண்ணை மூடிக்கொண்டே ஊர் வந்துவிட்டதை அறியலாம்.

உழவர் தகரக் கலங்களில் கொண்டுவரும் எண்ணெயில் மெந்தால் எவ்வளவு என்று அளந்து சொல்வது நமது பணி. இக்காலத்தில் அதற்கு அரிய கருவிகள் வந்துவிட்டன. அந்நாளில் நம் கூடத்தில் இருந்தவை கண்ணாடிக் குடுவைகளும் அளவுக் குழாயுமே. அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்துக் காய்ச்சி, பின் காரம் சேர்த்துக் கணக்கிட்டு நூற்றுக்கு இத்தனை என்று எழுதுவோம். எண் குறைந்தால் விலை குறையும். கலப்பு என்று எழுதினாலோ எண்ணெய் வாசலோடு திரும்பிவிடும்.

1990களின் நடுவில் ஒரு மே மாதம். ககரா ஆற்றுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதியவர் ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்தோம். எண் 70க்கு வெகுவாகக் கீழே நின்றது. மறுபடியும் சோதித்தோம், அதே விடை. அந்தப் பருவத்தில் நம் மேசைக்கு வந்த எண்ணெய் எதுவும் அவ்வளவு தாழ்ந்ததில்லை. இளமையின் துணிவில், எண்ணுக்கு எதிரே "கலப்பு இருக்கலாம்" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். வணிகர் எண்ணெயை ஏற்க மறுத்துவிட்டார்.

மாலையில் முதியவர் மீண்டும் வந்தார். கையில் ஒரு கட்டுப் புதினா இருந்தது. "பாபுஜி, நான் எதையும் கலக்கவில்லை. இது அதே வயலில் வெட்டிய தழை. நம்பிக்கை இல்லையானால் வந்து பாருங்கள்" என்றார். நேரமில்லை என்று சொன்னோம். அவர் கட்டை மேசைமீது வைத்துவிட்டுப் போய்விட்டார். எறிய மனமில்லாமல் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றோம்.

அம்மையார் வழக்கம்போல் ஓர் இலையைக் கசக்கினார். "ஏய்யா, இது பிஞ்சுல்லா? குளிர்ச்சி இன்னும் ஏறவேயில்லையே" என்றார். நாம் நடந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "பிஞ்சைப் பறிச்சா பிஞ்சோட குணம்தானே இருக்கும்? அதுக்கு அந்த மனுசன் மேல ஏன் பழி போட்டே?" என்று கேட்டார். கூடத்தில் குடுவையும் கணக்கும் சொன்னதற்கு எதிரே அடுப்படியில் ஒருவர் மூக்கால் சொல்வதை எப்படி ஏற்பது என்று எண்ணி நாம் பேச்சை மாற்றினோம்.

சூன் மாத நடுவில் அதே முதியவர் வேறொரு கலம் எண்ணெயுடன் வந்தார். நம்மைப் பார்த்தும் ஒன்றும் பேசவில்லை. சோதித்தோம். எண் 75ஐத் தாண்டிற்று. எந்த வயல் என்று கேட்டோம். அதே வயல் என்றார். அப்போதுதான் உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

வயலின் பாதி பள்ளம், பாதி மேடு. பிப்ரவரி இறுதியில் நட்டது. மே மாதம் இடியும் மேகமுமாக இருந்தது. மழை பெய்து பள்ளத்தில் நீர் தேங்கினால் அடி இலைகள் உதிர்ந்து எண்ணெயே கிட்டாது. மேலும் சூன் தொடக்கத்தில் மகளுக்குத் திருமணம். கையில் பணம் வேண்டும். ஆகவே எண்பதாம் நாளிலேயே பள்ளத்துப் பாதியை வெட்டி வடித்துவிட்டார். நாம் திருப்பி அனுப்பிய அந்த எண்ணெயை யாரோ ஓர் இடைத்தரகர் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார். குறைந்த பணத்துக்கு ஈடாக வட்டிக்கடை ஏறினார் முதியவர். திருமணம் முடிந்தது, கடன் முடியவில்லை. மேட்டுப் பாதியை நாள் முற்றியபின் வெட்டிய எண்ணெய்தான் இப்போது நம் மேசையில் இருந்தது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தோம். அவற்றில் கண்டதைச் சுருங்கச் சொல்வோம்.

புதினா இலையின் மேற்பரப்பில், உருப்பெருக்கியால் நோக்கினால் மின்னும் புள்ளிகளாகத் தெரியும் சுரப்பிகள் உள்ளன. வாசனை எண்ணெய் அவற்றுள்ளேதான் உருவாகிறது. செடிக்கு அது பூச்சிகளை விலக்கும் காப்பு. ஆனால் மெந்தால் ஒரே பாய்ச்சலில் பிறப்பதில்லை. முதலில் தோன்றுவது லிமொனீன். ஆரஞ்சுத் தோலின் மணத்தில் உள்ளதும் இதுவே. அது படிப்படியாக மாறிப் புலிகோன் ஆகிறது. புலிகோன் மெந்தோன் ஆகிறது. மெந்தோன் கடைசியில் மெந்தால் ஆகிறது. இளம் இலையில் முந்தைய படிகளின் பொருள்களே மிகுதி. இலை முற்ற முற்ற மெந்தோன் குறைந்து மெந்தால் ஏறும். இதன் நெருங்கிய உறவான பெப்பர்மின்ட் செடியில், இலை 12 நாள் முதல் 20 நாள் வயதுவரை உள்ள இடைவெளியில்தான் எண்ணெய் பெரும்பாலும் உருவாகிறது என்றும், அதன்பின்னரே மெந்தாலாக மாறும் வேலை வலுப்பெறுகிறது என்றும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அம்மையாரின் மூக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தது.

வயது மட்டுமன்று, பகலின் நீளமும் இரவின் குளிரும் இதில் பங்கு கொள்கின்றன. பர்பாட், லூமிஸ் என்னும் அறிஞர் இருவர் 1967இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் வாய்த்த பெப்பர்மின்ட் செடியில் மெந்தோன் மிகுந்தது. இரவு வெப்பமானால் புலிகோனும் மெந்தோஃபுரானும் மிகுந்தன. பகலில் சேர்த்த உணவுச் செல்வத்தை வெப்ப இரவில் செடி மூச்சாகச் செலவழித்துவிடுகிறது. அடுத்த படி ஏறுவதற்கு வேண்டிய ஆற்றல் குறைந்துபோகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் நெல்லைச் சீமையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேர அளவே. லக்னோவில் அது மூன்று மணி நேரத்துக்கு மேல். சூனில் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம் நீள்கிறது, டிசம்பரில் பத்தரை மணியளவில் சுருங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் செடி உணர்கிறது. எனவே ஒரே விதை, ஒரே வயல், ஒரே உழவர் என்றாலும் மே மாதத்து எண்ணெயும் சூன் மாதத்து எண்ணெயும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் அறியாமையே.

நம் பிழை எங்கே நேர்ந்தது என்பதும் அப்போது தெளிவாயிற்று. மெந்தால் குறைவு என்று நாம் எழுதிய எண் பொய்யன்று. அதற்கு ஏற்ற குறைந்த விலையை உழவரும் ஏற்றுக்கொண்டிருப்பார். குடுவை சொன்னது எவ்வளவு என்பதை மட்டுமே. ஏன் என்பதை அது சொல்லவில்லை. அந்த ஏன் என்பதை நாமே இட்டு நிரப்பினோம். அதற்குக் கையொப்பமும் போட்டோம்.

அந்த வாரமே ககரா பக்கத்துச் சிற்றூருக்குச் சென்றோம். தொட்டியருகே பத்துப் பதினைந்து பேர் தம் முறைக்காகக் காத்திருந்தனர். மன்னிப்புக் கேட்டோம். முதியவர் சினக்கவில்லை. "எண்ணெய் போனது போகட்டும், பாபுஜி. கலப்படக்காரன் என்ற பேர் எப்படிப் போகும்?" என்று மட்டும் கேட்டார். அவர் வேண்டியது என்ன என்பது புரிந்தது. கூடியிருந்தோர் நடுவே, நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், எண்ணெயில் கலப்பு ஏதும் இல்லை, பிழை நம்முடையதே என்று உரக்கச் சொன்னோம். பெண்பால் ஆண்பால் பிழைகள் பல நேர்ந்திருக்கும், எவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய கடனில் ஒரு காசும் அந்தச் சொற்களால் அடைபடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கூடத்தில் ஒரு மாற்றம் செய்யக் கேட்டோம். சோதனைத் தாளில் நட்ட நாள், வெட்டிய நாள், வெட்டுமுன் மழை உண்டா என்னும் மூன்று கட்டங்கள் வேண்டும் என்றோம். வீண் வேலை என்று வணிகர் முதலில் தள்ளினார். அடுத்த பருவத்தில் ஒப்புக்கொண்டார். நாம் பணியிலிருந்து விலகிய நாள்வரை அந்த மூன்று கட்டங்களும் நிரப்பப்படாத தாளில் நாம் கையொப்பமிட்டதில்லை.

அதன்பின் பருவம் என்பதை எங்கும் காணத் தொடங்கினோம். லக்னோவிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கன்னோஜுக்கு அம்மையாரை ஒருமுறை அழைத்துச் சென்றோம். அத்தருக்குப் புகழ்பெற்ற பழம்பதி அது. செப்புக் கொப்பரையில் பூவும் நீரும் இட்டு, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் செலுத்தி, சந்தன எண்ணெயில் மணத்தை ஏற்றுவது அங்குள்ளோரின் தொன்றுதொட்ட முறை. அவர்களுடைய நாட்காட்டி முழுதும் மணங்களால் ஆனது. மார்ச்சு, ஏப்ரலில் ரோசாப் பூ. அதையும் கதிரவன் ஏறுமுன் பறித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் எண்ணெய் குறைந்துவிடும். மூன்று நான்கு டன் பூவிலிருந்து ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும் தொழிலில் ஒரு மணி நேரத் தாமதமும் இழப்பே. குளிர்காலத்தில் வெட்டிவேரைத் தோண்டுவர். கோடையில் சுட்ட மண்ணை வடித்து, முதல் மழையின் மணத்தையே அத்தராக்குவர். மழைக்குப்பின் எழும் அந்த மண்வாசனைக்கு ஆஸ்திரேலிய அறிவியலார் இருவர் 1964இல்தான் பெட்ரிகோர் என்று பெயரிட்டனர். கன்னோஜ்க்காரர் அதற்கு முன்பே அதைக் குப்பியில் அடைத்து விற்றுவந்தனர். அம்மையார் மண் அத்தரை முகர்ந்துவிட்டு, "புரட்டாசியில நம்ம முற்றம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்பர்களின் இல்லங்களுக்குப் பயன்படும் சிலவற்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். தொட்டியில் புதினா வளர்ப்போர் துவையலுக்குக் கொழுந்தையும், சளிக்குக் கசாயம் வைக்க முற்றிய இலையையும் பறிக்கலாம். பூக்கத் தொடங்குமுன் பறிப்பது நன்று. பனி காய்ந்த காலை வேளையே ஏற்றது. உலர்த்துவதாயின் நிழலில் உலர்த்துக; வெயிலில் வைத்தால் மணம் முதலில் போகும், ஈரம் பின்னர்தான் போகும். வடநாட்டுக் குளிரில் தழை வாடிவிட்டதென்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். மண்ணுக்கடியில் வேர்த்தண்டு உயிரோடிருக்கும். தை பிறந்தபின் துளிர்க்கும். துளசியையும் அவ்வாறே. சனவரித் துளசியை மே மாதத்தில் மீண்டும் ஒருமுறை கசக்கிப் பார்த்தபின் அதன் மீது தீர்ப்புச் சொல்லலாம்.

முன்சொன்ன முதியவர் அதற்கடுத்த சனவரியில், ஈரச்சாக்கில் சுற்றிய வேர்த்தண்டுகளுடன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மாஜிக்கு" என்றார். தமிழ் மட்டுமே அறிந்த அம்மையாரும் அவதி மட்டுமே அறிந்த முதியவரும் அரை மணி நேரம் திண்ணையில் அமர்ந்து என்ன பேசினார்கள் என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை. சுக்குக் காப்பி இரண்டு முறை போயிற்று.

இருவரும் இப்போது இல்லை. அவர் கொடுத்த செடி நம் மாடியில் இருக்கிறது. ஆண்டுதோறும் வேர்த்தண்டைப் பிரித்துப் புது மண்ணில் நடுகிறோம். மே மாதத்தில் ஓர் இலையும் சூன் மாதத்தில் ஓர் இலையும் கசக்கி முகர்ந்து பார்ப்பது வீட்டில் வழக்கமாகிவிட்டது. பேரப் பிள்ளைகளிடம், "குளிர்ச்சி ஏறிவிட்டதா?" என்று கேட்போம். மே மாதத்தில், "இன்னும் இல்லை, தாத்தா" என்பார்கள். நாமும் காத்திருப்போம்.